சர்க்கரை நோய், மூட்டுவாத ஆய்வுகளைப் படிப்பது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

காய்ச்சலுக்குக் கொடுத்த மாத்திரை வேலை செய்ததா என்பது ஐந்தாறு நாளில் தெரிந்துவிடும். சர்க்கரை நோய்க்குக் கொடுத்த மாத்திரை வேலை செய்ததா என்று கேட்டால், எதைக் கொண்டு சொல்வது என்பதிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. அடுத்த மாதப் பரிசோதனையில் இரத்தச் சர்க்கரை குறைந்திருப்பது ஒரு விடை; பத்தாண்டு கழித்தும் கண்ணும் சிறுநீரகமும் பழுதில்லாமல் இருப்பது வேறொரு விடை. முதல் விடைக்குச் சில வாரங்கள் போதும், இரண்டாவதற்குப் பல ஆயிரம் பேரும் பல ஆண்டுகளும் வேண்டும். மூட்டுவாதத்திலும் இப்படித்தான். வலி தணிவதும் மூட்டு காப்பாற்றப்படுவதும் எப்போதும் கைகோத்துக்கொண்டு நடப்பதில்லை. நாள்பட்ட நோய்களைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளை முதன்முதலாகப் படிக்க முனைபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது, எளிதில் அளக்க முடிந்ததற்கும் நோயாளிக்கு உண்மையில் வேண்டியதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான்.

கீழே சொல்லியுள்ள வரிசையில் படிப்பதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு மணி நேரப் பொறுமை இருந்தால் போதும்.

முதல் படி: கையில் இருப்பது எந்த வகை ஆய்வு?

சுருக்கத்தைப் படித்துவிட்டு நேராக முடிவுரைக்குத் தாவும் பழக்கம் எனக்கும் நெடுநாள் இருந்தது. இப்போது சுருக்கத்தை ஒரு தடவை பார்த்ததும் ‘முறைகள்’ என்ற பகுதிக்குப் போய்விடுகிறேன். ஆய்வு செய்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது முடிவுரையில் இருக்கும். என்ன செய்தார்கள் என்பது முறைகளில்தான் இருக்கும்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது, ஆய்வு எலிகளிடம் நடந்ததா, மனிதர்களிடம் நடந்ததா என்பது. செய்தித் தலைப்புகளில் பாதி மயக்கம் இதிலேயே தெளிந்துவிடும். மனிதர்களிடம் நடந்தது என்றால், வெறுமனே கவனித்தார்களா, அல்லது சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டார்களா என்று பாருங்கள். தினமும் நடப்பவர்களுக்கு மூட்டு வலி குறைவு என்று ஒரு கவனிப்பு ஆய்வு சொன்னால், நடந்ததால் வலி குறைந்ததா, வலி குறைவாக இருந்ததால் நடக்க முடிந்ததா என்பதை அந்த ஆய்வைக் கொண்டு பிரித்தறிய இயலாது. யார் எந்தக் குழுவுக்குப் போகிறார் என்பதை நோயாளியின் விருப்பமோ மருத்துவரின் விருப்பமோ தீர்மானிக்காமல் குலுக்கல் தீர்மானிக்கும்போதுதான் இந்தக் குழப்பம் நீங்கும். பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கட்டுரைகளும் உண்டு. அவற்றின் தரம் உள்ளே சேர்க்கப்பட்ட ஆய்வுகளின் தரத்தை மீறிப் போகாது.

இரண்டாம் படி: யாரிடம் செய்தார்கள்?

கட்டுரையின் முதல் அட்டவணையில் பங்கேற்றவர்களின் வயது, நோய் வந்து எத்தனை ஆண்டு, உடன் உள்ள பிற நோய்கள் ஆகியவை இருக்கும். அலுப்பூட்டும் அட்டவணைதான். ஆனால் ஒரே கேள்விக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் வெவ்வேறு விடை சொல்வதன் காரணம் பல சமயம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இரத்தச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் நல்லதா என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 1998-இல் முடிவுகள் வெளியான யூகேபிடிஎஸ் ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருப்பதாக அப்போதுதான் கண்டறியப்பட்டவர்களைச் சேர்த்தார்கள். அதில் இறுக்கமான கட்டுப்பாடு கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண் இரத்தக்குழாய்ப் பாதிப்புகளை 25 சதவீதம் குறைத்தது. அக்கார்ட் என்ற இன்னோர் ஆய்வில் சேர்ந்த 10,251 பேரின் சராசரி வயது 62. பாதிப் பேருக்கு நோய் வந்து பத்தாண்டோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. இதய நோய் ஏற்கெனவே இருந்தவர்கள் அல்லது அதற்கான அபாயம் மிகுந்தவர்கள் அவர்கள். அங்கே மிக இறுக்கமான கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட குழுவில் இறப்பு கூடுதலாக இருந்ததால், 2008 பிப்ரவரியில் அந்தச் சிகிச்சை பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஒன்று சரி, மற்றொன்று தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. வேறு வேறு மனிதர்களிடம் வேறு வேறு அளவு இறுக்கத்துடன் கேட்கப்பட்ட கேள்விகள் அவை.

ஆகவே உங்கள் தாளில் முதலில் எழுத வேண்டிய வரி: இந்த ஆய்வில் இருந்தவர்களும் நானும், அல்லது என் வீட்டில் உள்ள நோயாளியும், எந்த விதத்தில் ஒத்திருக்கிறோம், எந்த விதத்தில் வேறுபடுகிறோம்? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், மிகவும் முதியவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் பல ஆய்வுகளில் சேர்க்கப்படுவதே இல்லை. யாரை விலக்கினார்கள் என்ற பட்டியலையும் விடாமல் படியுங்கள். மூட்டுவாதத்தில் கூடுதலாக ஓர் எச்சரிக்கை: முடக்குவாதமும் மூட்டுத் தேய்மானமும் வேறு வேறு நோய்கள். முன்னது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே மூட்டைத் தாக்குவதால் வருவது. அதற்கான ஆய்வின் முடிவைத் தேய்மானத்துக்குப் பொருத்திப் பார்ப்பது வீண் வேலை.

மூன்றாம் படி: எதனோடு ஒப்பிட்டார்கள்?

என் கணிப்பில், புதியவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. நாள்பட்ட வலி ஒரே அளவில் நிற்பதில்லை, ஏறும், இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார், ஆய்விலும் சேர்கிறார். எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த சில வாரங்களில் அந்த வலி ஓரளவு தணியும் வாய்ப்பு அதிகம். சிகிச்சை பெறுகிறோம் என்ற நம்பிக்கையும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். இவை இரண்டையும் கழித்துப் பார்க்கத்தான் ஒப்பீட்டுக் குழு.

2002-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஓர் ஆய்வை இதற்குக் காட்டுவது என் வழக்கம். முழங்கால் தேய்மானத்துக்கு மூட்டுக்குள் சிறு குழாய் விட்டுக் கழுவுவதும் சுரண்டிச் சுத்தம் செய்வதும் அப்போது பரவலாக நடந்துவந்த அறுவை சிகிச்சைகள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு குழுவுக்குக் கழுவுதல், ஒரு குழுவுக்குச் சுரண்டல், மூன்றாவது குழுவுக்குப் போலி அறுவை சிகிச்சை. போலி என்றால் பெயரளவில் செய்த போலி அன்று. நோயாளி அறுவை அரங்குக்குள் வந்த பிறகுதான் உறையைப் பிரித்து, அவர் எந்தக் குழு என்பதை அறுவை மருத்துவர் தெரிந்துகொண்டார். முழங்கால் தோலில் ஒரு சென்டிமீட்டர் அளவில் மூன்று கீறல்கள் போட்டார். உண்மையில் செய்வதுபோலவே ஒவ்வொரு கருவியாகக் கேட்டு வாங்கினார். காலை மடக்கி நீட்டினார். கழுவும் ஓசை கேட்பதற்காக உப்புநீரைத் தெறிக்கவும் செய்தார்கள். கருவி எதுவும் மூட்டுக்குள் போகவில்லை. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தும், வலியிலோ நடமாட்டத்திலோ உண்மையான அறுவை சிகிச்சை பெற்றவர்கள் போலிக் குழுவைவிட மேலாக இல்லை. தமக்குப் போலிச் சிகிச்சை கிடைக்கக்கூடும் என்பதை நோயாளிகள் முன்கூட்டியே அறிந்து ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்பதையும், தகுதியிருந்த 324 பேரில் 144 பேர் சேர மறுத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மறுத்தவர்களிடமும் இதே முடிவு கிடைத்திருக்குமா என்ற ஐயம் எழுந்தால், நீங்கள் நன்றாகவே படிக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

ஒப்பீட்டுக் குழு இல்லாமல் ‘பத்தில் ஆறு பேருக்கு வலி குறைந்தது’ என்று யாராவது சொன்னால், 2006-இல் வெளியான கெய்ட் ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேருக்கு மூட்டு வலிக்கென்று விற்கப்படும் துணை மாத்திரைகளான க்ளூக்கோசமைன், கான்ட்ராய்டின், அவை இரண்டும் சேர்ந்தது, செலிகாக்சிப் என்ற வலி நிவாரணி, போலி மாத்திரை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று 24 வாரங்கள் கொடுக்கப்பட்டது. வலி 20 சதவீதமாவது குறைந்தவர்கள் போலி மாத்திரைக் குழுவிலேயே 60.1 சதவீதம். க்ளூக்கோசமைனும் கான்ட்ராய்டினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 66.6 சதவீதம், இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற எல்லையைத் தாண்டவில்லை. அதே ஆய்வில் வலி மிகுந்திருந்த ஒரு சிறு பிரிவினரை மட்டும் தனியே எடுத்தபோது, சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 79.2 சதவீதமும் போலிக் குழுவில் 54.3 சதவீதமும் தேறியிருந்தார்கள். மாத்திரை விற்பவர்களுக்கு இந்த இரண்டாவது எண்தான் பிடிக்கும். ஆய்வின் முதன்மைக் கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை வந்த பிறகு சிறு பிரிவு ஒன்றில் கிடைக்கும் ‘ஆம்’, இன்னோர் ஆய்வைத் தொடங்குவதற்கான காரணமாகலாம். மாத்திரையைத் தொடங்குவதற்கான காரணமாகாது.

போலி மருந்துக்குப் பதில் வேறொரு மருந்துடன் ஒப்பிட்டிருந்தால், அந்த மருந்தைப் பற்றியும் விசாரியுங்கள். 2000-இல் வெளியான விகர் ஆய்வு, முடக்குவாதம் உள்ள 8,076 பேரிடம் ரோஃபிகாக்சிப் என்ற புதிய வலி நிவாரணியை நாப்ராக்ஸன் என்ற பழைய வலி நிவாரணியுடன் ஒப்பிட்டது. புதிய மருந்து வயிற்றுப் புண், இரத்தக் கசிவு போன்ற பாதிப்புகளைப் பாதியாகக் குறைத்தது. மாரடைப்போ கூடுதலாக இருந்தது. நாப்ராக்ஸன் இதயத்தைக் காப்பதால்தான் இந்த வேறுபாடு தோன்றுகிறது என்று அப்போது ஒரு விளக்கம் தரப்பட்டது. பிறகு போலி மருந்துடன் ஒப்பிட்ட வேறோர் ஆய்விலும் இதயப் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்த பின், 2004 செப்டம்பரில் ரோஃபிகாக்சிப் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

நான்காம் படி: எதை அளந்தார்கள்?

சர்க்கரை நோய் ஆய்வுகளில் அடிக்கடி காணும் அளவு எச்பிஏ1சி. சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கும் விகிதம் அது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டும். நல்ல அளவுதான். என்றாலும் எச்பிஏ1சி கூடியிருப்பதை யாரும் உடம்பில் உணர்வதில்லை. பார்வை மங்குவதையும் கால் மரத்துப்போவதையும் மாரடைப்பையும்தான் உணர்கிறோம். அவற்றுக்குப் பதிலாளாக நிற்கும் எண் இது. பதிலாள் எப்போதும் தலைவருக்காகவே பேசுவார் என்று நம்ப முடியாது. மேலே சொன்ன அக்கார்ட் ஆய்வில் இறுக்கமான கட்டுப்பாட்டுக் குழுவின் எச்பிஏ1சி சுமார் 6.4 சதவீதத்துக்கு இறங்கியது, மற்ற குழுவில் 7.5 சதவீதம். எண்ணை மட்டும் பார்த்தால் வெற்றி. இறந்தவர்களோ இறுக்கமான கட்டுப்பாட்டுக் குழுவில் 257 பேர், மற்றதில் 203 பேர். ஆகவே முதன்மை அளவு எது என்ற வரியைக் கண்டுபிடித்து அடிக்கோடிட்டுவிட்டு, அது இரத்தப் பரிசோதனை எண்ணா, நோயாளி உணரும் நிகழ்வா என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூட்டுவாதத்தில் வலியே முதன்மை அளவாக இருப்பதுண்டு. வலியை எப்படி அளப்பது? வழக்கமான முறை மிக எளியது. தாளில் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோடு. இடது முனையில் ‘வலி இல்லை’, வலது முனையில் ‘இதைவிட மோசமான வலி இருக்க முடியாது’. நோயாளி பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போடுவார். ஆய்வாளர் அளவுகோல் வைத்து எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக்கொள்வார். இப்போது மருந்துக் குழுவின் சராசரி 62-இலிருந்து 40-க்கும், போலிக் குழுவின் சராசரி 61-இலிருந்து 47-க்கும் இறங்கியதாக வைத்துக்கொள்வோம். மருந்து 22 மில்லிமீட்டர் குறைத்தது என்று எழுதுவார்கள். அதில் மருந்துக்கே உரிய பங்கு 8 மில்லிமீட்டர்தான். ஒரு கோட்டை நீங்களே வரைந்து எட்டு மில்லிமீட்டர் தள்ளிக் குறித்துப் பாருங்கள். மாடிப்படி ஏறும்போது அந்த வேறுபாடு தெரியுமா என்பதுதான் கேள்வி. நோயாளிக்கு உணரத் தெரியும் மிகக் குறைந்த மாற்றம் எவ்வளவு என்பதை நல்ல கட்டுரைகள் முன்கூட்டியே சொல்லிவிடும்.

முடக்குவாத ஆய்வுகளில் ‘ஏசிஆர் 20’ என்ற சொல் வரும். தொட்டால் வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கை, வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டும் குறைந்தது 20 சதவீதம் குறைந்து, வேறு ஐந்து அளவுகளில் குறைந்தது மூன்று அதே அளவு தேறியிருக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஐந்தில் ஒரு பங்கு முன்னேற்றத்தைக் குணமாகிவிட்டதாகப் படித்துவிடக் கூடாது. 50, 70 என்ற எண்களும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும், அவற்றையும் பாருங்கள்.

ஐந்தாம் படி: எவ்வளவு காலம்?

நோய் முப்பதாண்டு, ஆய்வு மூன்று மாதம் என்றால், மீதிக் காலத்துக்கு அந்தக் கட்டுரை மௌனம் என்றே கொள்ள வேண்டும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 140 பேருக்கு 12 வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு ஆண்டுகள், ஸ்டீராய்டு ஊசியோ உப்புநீர் ஊசியோ மூட்டுக்குள் போடப்பட்டது. ஸ்டீராய்டு போட்டவர்களின் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது. வலியில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதிலிருந்து ஊசி போட்ட சில நாட்களில் நிவாரணமே கிடைக்காது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வலி அளக்கப்பட்டது மூன்று மாதத்துக்கு ஒரு முறை. இடையில் வந்து போன நிவாரணம் அந்தக் கணக்கில் விழாமல் போயிருக்கலாம்.

எதிர்த் திசையிலும் காலம் வேலை செய்யும். யூகேபிடிஎஸ் ஆய்வு முடிந்தபோது மாரடைப்புக் குறைவு புள்ளியியல் எல்லையை மயிரிழையில் தவறவிட்டது. ஆய்வு முடிந்து ஓராண்டுக்குள் இரு குழுக்களின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. இருந்தும் மேலும் பத்தாண்டு பின்தொடர்ந்து 2008-இல் கணக்கெடுத்தபோது, தொடக்கத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு மாரடைப்பு 15 சதவீதம் குறைவாக இருந்தது, இம்முறை ஐயத்துக்கு இடமின்றி.

ஆறாம் படி: நூறு பேரில் எத்தனை பேர்?

சதவீதக் குறைவு என்று வந்தால் உடனே ‘எதிலிருந்து எதற்கு?’ என்று கேளுங்கள். எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மருந்தைப் பற்றி 2015-இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயுடன் இதய நோயும் உள்ளவர்களிடம், இதய இரத்தக்குழாய் நோயால் வரும் இறப்பு 38 சதவீதம் குறைந்தது. சுமார் மூன்று ஆண்டுகளில் போலிக் குழுவில் 100-க்கு 5.9 பேரும் மருந்துக் குழுவில் 100-க்கு 3.7 பேரும் இறந்தார்கள் என்று சொன்னாலும் அதே செய்திதான். வேறுபாடு 2.2, அதாவது ஏறத்தாழ 45 பேர் மருந்து எடுத்தால் ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார். இது சிறிய பயன் இல்லை. ஆனால் 38 என்ற எண் மனத்தில் எழுப்பும் படமும் 45-இல் ஒருவர் என்பது எழுப்பும் படமும் ஒன்றாக இருப்பதில்லை. தீங்குக்கும் இதே கணக்கைப் போடுங்கள்: அக்கார்டில் இறப்பு அபாயம் 22 சதவீதம் கூடியது என்பதும், நூறு பேருக்கு ஏறத்தாழ ஒருவர் கூடுதலாக இறந்தார் என்பதும் ஒரே எண்தான்.

மருந்தில்லாச் சிகிச்சைகளையும் இதே தராசில் வைக்கலாம். 2002-இல் வெளியான டிபிபி ஆய்வில், சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 3,234 பேரில், உடல் எடையை 7 சதவீதம் குறைக்கவும் வாரம் 150 நிமிடம் உடலுழைப்புக்கும் பயிற்சி பெற்ற குழுவில் ஆண்டுக்கு 100-க்கு 4.8 பேருக்கும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை பெற்ற குழுவில் 7.8 பேருக்கும், போலி மாத்திரைக் குழுவில் 11 பேருக்கும் நோய் வந்தது. இந்தப் பயிற்சி வெறும் அறிவுரைத் தாள் இல்லை. தனிப் பயிற்றுநர் வைத்து, பல அமர்வுகளில் நடத்தியது. அந்த உழைப்பு இல்லாத இடத்தில் அதே எண் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பி மதிப்பைப் பார்த்து மலைக்க வேண்டாம். மருந்துக்கு உண்மையில் பயன் இல்லாவிட்டாலும் இப்படியொரு வேறுபாடு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும் எண் அது. அதைவிடப் பயனுள்ளது நம்பிக்கை இடைவெளி என்ற இரட்டை எண். உண்மையான பயன் எந்தக் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவே இருக்கக்கூடும் என்பதை அது சொல்லும். கீழ் எல்லையே உண்மையாக இருந்தாலும் இந்த மருந்தை எடுப்பேனா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: விட்டுப்போனவையும் விலகிப்போனவர்களும்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். எத்தனை பேர் நடுவில் விலகினார்கள், ஏன் விலகினார்கள், அவர்களையும் அவரவர் குழுவிலேயே வைத்துக் கணக்கிட்டார்களா என்று பாருங்கள். ஆய்வுகளைத் தொடங்கும் முன்பே பதிந்துவைக்கும் பொதுப் பதிவேட்டில் ஆய்வின் பதிவு எண்ணைக் கொண்டு தேடி, தொடங்கும்போது சொன்ன முதன்மை அளவும் கட்டுரையில் உள்ளதும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். முக்கிய மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழு 2005-இலிருந்து முன்பதிவைக் கட்டாயமாக்கியதால், பெரும்பாலான புதிய கட்டுரைகளின் சுருக்கத்துக்குக் கீழேயே அந்த எண் இருக்கும். பணம் கொடுத்தவர் யார் என்பது கடைசிப் பக்கத்தில் கிடைக்கும். மருந்து நிறுவனம் செலவு செய்தது என்பதற்காக ஆய்வைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒப்பிட்ட மருந்தும் அதன் அளவும் நியாயமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனவா என்று மட்டும் இன்னொரு தடவை மூன்றாம் படிக்குப் போய்ப் பாருங்கள்.

எட்டாம் படி: மருத்துவரிடம் கொண்டுபோவது

முழுக் கட்டுரையையும் அச்செடுத்துக்கொண்டு போனால் அவர் படிக்க நேரம் இருக்காது. இதுவரை குறித்த தாளை அரைப் பக்கமாகச் சுருக்குங்கள்: யார், எதனோடு ஒப்பிட்டது, எதை அளந்தது, எவ்வளவு காலம், நூறு பேரில் எத்தனை பேருக்குப் பயன், எத்தனை பேருக்குத் தீங்கு. அதன் கீழே இரண்டு கேள்விகள் மட்டும்: ‘இந்த ஆய்வில் என்னைப் போன்றவர்கள் இருந்தார்களா?’, ‘இதன்படி என் சிகிச்சையில் எதையாவது மாற்ற வேண்டுமா?’. கட்டுரையைப் படித்துவிட்டு இன்சுலினையோ முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டையோ நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அளவை மாற்றவும் வேண்டாம்.

புது மருந்து கேட்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுவிட்டு வரலாம். 2004-இல் வெளியான டிகோரா ஆய்வில், முடக்குவாதம் உள்ள 110 பேரில் ஒரு குழுவை மாதந்தோறும் வரவழைத்து, நோயின் தீவிரத்தை எண்ணால் அளந்து, இலக்கு எட்டாவிட்டால் அன்றே சிகிச்சையைக் கூட்டினார்கள். மற்ற குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. பயன்படுத்தியவை எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மருந்துகள்தாம். ஒன்றரை ஆண்டில் முதல் குழுவில் 65 சதவீதம் பேருக்கு நோய் தணிந்திருந்தது, மற்றதில் 16 சதவீதம் பேருக்கு. எனவே மூன்றாவது கேள்வியாக இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: ‘என் நோயின் இலக்கு எண் என்ன, அடுத்த முறை அதை எப்போது அளக்கப் போகிறோம்?’